காலி சேனலை ஏமாற்றும் ஒற்றை ஸ்பைக்

டிவி சேனல்களில் காலியாக இருப்பதை மற்றவர்களும் பயன்படுத்தலாம் என்பதற்கு வந்த ஸ்டாண்டர்டு ஐ.இ.இ.இ. 802.22 (2011). சரி, காலியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எளிய வழி: வரும் சாம்பிள்களை வர்க்கப்படுத்தி சராசரி எடுப்பது. வரம்பைத் தாண்டினால் ஆள் இருக்கு.

சிக்கல் எங்கேன்னா, வண்டியின் ஸ்பார்க் பிளக், சுவிட்ச், மின்னல் எல்லாம் திடீர் திடீரென்று இரைச்சலைக் கிளப்பும். 100 சாம்பிள், ஒவ்வொன்றின் அளவும் 1 என்று வையுங்கள். சராசரி 1. ஒன்றே ஒன்று 20 ஆனால்? அதன் வர்க்கம் 400, சராசரி 4.99! காலி சேனல் வீணாகும். வரம்பை உயர்த்தினாலோ, மெலிந்த டிவி சிக்னலைக் கோட்டைவிட்டு யாரோ பார்க்கிற படத்தைக் கெடுப்போம்.

வர்க்கத்தை விடுங்க. பிளஸ், மைனஸ் பார்க்காமல் அளவை மட்டும் சராசரி எடுத்தால் 1.19 தான். ஸ்பைக்கே இல்லாத காஸியன் இரைச்சலில் இதற்குக் கூர்மை கொஞ்சம் குறையும். ஊருக்குள் அந்த நஷ்டத்தை நான் தாராளமாக ஏற்பேன்.