தோள் முறிவும் மரப்பு ஊசியும்

தோள்மூட்டை ஒட்டி மேற்கை எலும்பு முறிந்தால் மூச்சை இழுத்து விட்டால்கூட வலி உயிர் போகும். அந்த வலியைக் கடத்தும் நரம்புகளில் பெரும்பாலானவை கழுத்தின் பக்கவாட்டில், ஸ்கேலீன் எனப்படும் இரு தசைகளுக்கு நடுவே நெருங்கி ஓடுகின்றன. அந்த இடத்தில் மரப்பு மருந்தைச் செலுத்தினால் தோளும் மேற்கையும் மரத்துப்போகும். நோயாளி விழித்தே இருக்கலாம்.

பெங்களூர் சிவாஜிநகரில் பௌரிங் மருத்துவமனை 1860-களில் எழுந்தபோது இப்படியோர் ஊசி உலகில் எங்குமே இல்லை. எலும்பைச் சேர்த்து வைக்கக் குளோரோபார்ம் மயக்கம், இல்லையென்றால் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வது. 1884-இல் வியன்னாவில் கார்ல் கோலர் கோகெய்ன் கரைசலால் கண்ணை மரக்கச் செய்தார். அதைவிடப் பாதுகாப்பான லிக்னோகெய்னை 1943-இல் சுவீடனின் நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கினார். ஸ்கேலீன் தசைகளுக்கு நடுவே ஊசி போடும் முறையை 1970-இல் அமெரிக்க மருத்துவர் அலோன் வின்னி விவரித்தார்.

நரம்பில் செய்தி ஓட, சோடியம் அயனிகள் நுண்வழிகள் மூலம் உள்ளே நுழைய வேண்டும். மருந்து அந்த வழிகளை அடைக்கிறது. வலி மூளையை எட்டுவதில்லை. லிக்னோகெய்ன் ஓரிரு மணி நேரம் நிற்கும். பூபிவகெய்ன் பல மணி நேரம் நீடிப்பதால் அறுவை முடிந்த பின்னும் வலி அடங்கியிருக்கும். காறை எலும்பு முறிவுக்கு இந்த ஊசி மட்டும் போதாது. அதன் மேலுள்ள தோலுக்கு வரும் நரம்புகள் சற்று மேலிருந்து கிளம்புவதால் கழுத்தில் இன்னோர் ஊசியும் தேவைப்படும்.

ஸ்கேலீன் ஊசியின் பெரிய சிக்கல் அக்கம்பக்கத்தில் இருக்கிறது. உதரவிதானத்தை இயக்கும் நரம்பு வெகு அருகில் ஓடுகிறது. வழக்கமான 20 மில்லி அளவில் மருந்து செலுத்தினால் ஏறக்குறைய எல்லோருக்கும் அந்தப் பக்க உதரவிதானம் சில மணி நேரம் ஓய்ந்துவிடும். நுரையீரல் நலமாக உள்ளவருக்குப் பெரும்பாலும் தெரியாது. நாள்பட்ட மூச்சுநோய் உள்ளவருக்கு ஆபத்து. அல்ட்ராசவுண்டில் நரம்பைப் பார்த்தே ஊசி போடுவதால் இன்று குறைந்த மருந்து போதும். அப்போதும் இந்த ஆபத்து முற்றிலும் நீங்குவதில்லை.

மருந்து இரத்தக் குழாயில் புகுந்தால் காதில் இரைச்சல், வலிப்பு, இதயத் தடுமாற்றம் வரலாம். அதற்கு மாற்று மருந்தாக 20 சதவீதக் கொழுப்புக் கரைசல் கைவசம் இருக்க வேண்டும். முறிவிலேயே நரம்பு அடிபட்டிருக்கிறதா என்று மரக்கும் முன்பே சோதிப்பதும் கட்டாயம். மரத்த பின் அதைக் கண்டறிய வழியில்லை.

ஆகவே ஆஸ்துமா, இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, மருந்து ஒவ்வாமை எது இருந்தாலும் ஊசிக்கு முன்பே மயக்கவியல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.