ஷாங்காயில் ஒதுங்கிய யூதரும் அவர்தம் எழுத்துக்களும்

ஹிட்லர் காலத்து யூதப் படுகொலை என்றவுடன் நம்மவர் உள்ளம் போலந்து நாட்டு வதைமுகாம்களையே நாடும். அக்கொடுமைக்குத் தப்பியோருள் ஒரு சாரார் கீழ்த்திசை போந்து சீன தேசத்து ஷாங்காய் நகரில் ஒதுங்கிய வரலாற்றை அறிந்தோர் சிலரே. அவர்கள் எழுதிவைத்தவற்றைத் தேடித் தொகுத்த ஐரின் ஈபர் அம்மையாரின் ஆராய்ச்சியைப் பற்றி ஈண்டுச் சிறிது கூறப் புகுகின்றோம்.

1938-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஆஸ்திரியா ஹிட்லர் வசமாயிற்று. ஜூலையில் ஏவியான் நகரிற் கூடிய 32 நாட்டுப் பிரதிநிதிகள் அகதிகட்காக மிக இரங்கிப் பேசினர். கதவு திறந்தவர் அரியர். நவம்பர் 9, 10 தேதிகளில் ஜெபாலயங்கள் கொளுத்தப்பட்டன. ஏறக்குறைய 30,000 யூத ஆடவர் சிறைமுகாம் புகுந்தனர். நாட்டைவிட்டு அகல்வதற்குச் சான்று காட்டியோர்க்கு விடுதலை கிடைத்தது. வியன்னாவிலிருந்த சீனத் தூதர் ஹோ ஃபெங்-ஷான், மேலதிகாரியின் தடையையும் பொருட்படுத்தாது அனுமதிச் சீட்டுகளை வழங்கினார். ஷாங்காயில் இறங்குதற்கோ அச்சீட்டும் வேண்டியதில்லை. 1937-இன் போருக்குப்பின் அத்துறையில் அதனைக் கேட்பாரிலர். ஆயினும் புறப்படுவதற்கு அதுவே உயிர்ச்சீட்டாயிற்று.

இத்தாலியக் கப்பல்கள் அவர்களைச் சூயஸ், பம்பாய், கொழும்பு வழியாகக் கொண்டுசென்றன. தலைக்குப் பத்து மார்க்கு மட்டுமே எடுத்துச்செல்ல விடுக்கப்பட்டனர். 1941 முடிவதற்குள் 17,000 பேருக்குக் குறையாது ஷாங்காய் சேர்ந்தனர். போரில் இடிந்து வாடகை மலிந்திருந்த ஹாங்கியூ என்னும் பகுதியிற் பலர் தங்கினர். 1943 பிப்ரவரி 18-இல் ஜப்பானியர், 1937-க்குப் பின் வந்த ‘நாடற்ற அகதிகள்’ அப்பகுதியில் ஏறத்தாழ ஒரு சதுர மைல் எல்லைக்குள்ளேயே வாழவேண்டுமென ஆணையிட்டனர். அங்கு மதிலில்லை, ஆனால் சீட்டின்றி வெளியேறலாகாது. அதே தெருக்களில் அவர்களினும் வறிய சீனர் பசியோடு வாழ்ந்தனர்.

இந்நெருக்கடியிலும் அவர்கள் எழுதினர். ஜெர்மன் மொழியார் பத்திரிகை நடத்தினர், நாடகம் ஆடினர், காபிக்கடை வைத்தனர். வியன்னாவையே சீனத்திற் சமைத்துக்கொள்ள முயன்றார் போலும்! போலந்திலிருந்து லித்துவேனியா, ஜப்பான் வழியாக வந்தோர் இத்திஷ் மொழியிற் கவி புனைந்தனர்.

ஐரின் ஈபர் 1929-இல் ஜெர்மனியில் ஹாலே நகரிற் பிறந்தவர். 1938-இல் குடும்பத்தோடு போலந்துக்குத் துரத்தப்பட்டார். யூதச் சேரியினின்று தப்பி ஓடி, போலந்துக் குடும்பமொன்றின் கோழிக்கூட்டில் நெடுங்காலம் ஒளிந்து பிழைத்தார். தந்தையார் கொலையுண்டார். இத்தகையவர் பின்னாளிற் சீன மொழி பயின்று எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியையானது வியப்பன்றோ? யூதராய்ப் பிறந்து ஆங்கிலிக்கன் அத்தியட்சரான ஷெரெஷெவ்ஸ்கி சீனத்தில் வேதாகமத்தை மொழிபெயர்த்த வரலாற்றையும் இவர் தனி நூலாக எழுதியுள்ளார். உடல் முடங்கிய பின்னும் ஒரு விரலாலேயே தட்டெழுதி உழைத்த அப்பெரியாரை நம் கல்லூரியினர் அறிதல் நன்று.

ஈபர் 2008-இல் வெளியிட்ட தொகைநூலில் ஷாங்காய் அகதிகளின் கடிதங்கள், நாட்குறிப்புகள், கவிதைகள், கதைகள் இடம்பெற்றன. நாற்பது ஐம்பது ஆண்டு கழித்து எழுதப்பெற்ற நினைவுநூல்கள் பல உள. அவற்றினும் இவை ஒரு வகையிற் சிறந்தன என்பது எம் கருத்து. பின்னாளில் எழுதுவோர்க்கு முடிவு தெரியும். ‘ஐரோப்பாவில் மாண்டோரை நோக்க எம் துன்பம் எம்மாத்திரம்?’ என்னும் நாணம் அவர் கையைப் பிடித்துக்கொள்ளும். வெப்பநோயும் பசியும் ஒரு வரியில் அடங்கிவிடும். 1940-இல் எழுதியவனோ தாய் உயிரோடிருக்கின்றாளோ இல்லையோ என்பதை அறியான். அவன் வெயிலையும் மூட்டைப்பூச்சியையும் பற்றிக் குறைகூறும்போது, அவன் அறியாததை நாம் அறிந்து படிக்கின்றோம். போர் ஓய்ந்த 1945-இன் பின்னரே இறந்தோர் பட்டியல்கள் ஹாங்கியூவை எட்டின.

பின்னர் அவர்கள் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, இஸ்ரவேல் எனப் பிரிந்தனர். தாள்களும் உடன் சிதறின. ஜெர்மன், இத்திஷ் முதலிய மொழிகளிற் கிடந்த அவற்றை ஈபர் ஒன்றுசேர்த்து ஆங்கிலத்தில் ஆக்கினார். அவர் 2019-இல் காலமானார். ஹாங்கியூவின் பழைய ஜெபாலயம் நினைவகமாகியுள்ளது. 2014-இல் அதன் சுவரிற் பொறிக்கப்பட்ட பெயர்கள் 13,732.