நுனியில் பிறக்கும் கட்டளை

யன்னலோரத்தில் வைக்கப்பட்ட சாடியிலுள்ள செடி சில நாட்களுக்குள் வெளிச்சத்தை நோக்கிச் சாய்வதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். மண்ணில் எவ்வாறு விழுந்த விதையும் வேரைக் கீழ்நோக்கியும் தண்டை மேல்நோக்கியும் செலுத்தத் தவறுவதில்லை. கண்ணும் மூளையுமற்ற தாவரம் திசையறிவது எங்ஙனம்? விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். இவ்வினாவுக்கான விடையும் ஒரு புல்லின் முளையிலேதான் தெரியவந்தது.

சார்ள்ஸ் டார்வினும் அவரது மகன் பிரான்சிஸும் தமது ஆய்வுகளை 1880 இல் நூலாக வெளியிட்டனர். கனரிப் புல்லின் முளை நுனியை ஒளி புகாத மூடியால் மறைத்தபோது அது வளையவில்லை. நுனியைத் திறந்துவிட்டு அடிப்பகுதியை மறைத்தபோதோ வழமைபோல வளைந்தது. ஒளியை உணர்வது நுனி, வளைவது அதற்குக் கீழுள்ள பகுதி. எனவே நுனியிலிருந்து ஏதோவொரு செய்தி கீழிறங்குகின்றது என அவர்கள் முடிவு செய்தனர்.

அச்செய்தி ஓர் இரசாயனப் பொருளே என்பதை நெதர்லாந்தைச் சேர்ந்த பிரிட்ஸ் வென்ற் 1926 இல் நிறுவினார். ஓட்ஸ் முளைகளின் நுனிகளை வெட்டி ஏகார் கூழின் மீது சிறிது நேரம் வைத்தார். பின்னர் நுனியிழந்த முளையொன்றின் ஒரு பக்கத்தில் அக்கூழின் துண்டை வைத்தார். முளை, இருளிலேயே, மறுபக்கமாக வளைந்தது. வளர்தல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் அடியாக இப்பொருள் ‘ஒட்சின்’ எனப் பெயர் பெற்றது. இதன் முதன்மையான இயற்கை வடிவம் இந்தோல் அசற்றிக்கமிலம் என்பது 1930களில் தெளிவாயிற்று.

ஒரு பக்கத்திலிருந்து ஒளி விழும்போது முளையிலுள்ள புரதங்கள் அதன் நீலக்கதிர்களை உணர்கின்றன. உடனே ஒட்சின் நிழற்பக்கத்தில் கூடுதலாகச் சேர்கின்றது. அங்குள்ள கலங்களின் சுவர்கள் தளர்ந்து நீள்கின்றன. நிழற்பக்கம் விரைந்து வளர்வதால் தண்டு ஒளியின் பக்கம் சாய்கின்றது. செடி ஒளியைத் தேடிச் செல்வதாக நாம் காண்பது உண்மையில் அதன் இரு பக்கங்களுக்கிடையிலான வளர்ச்சி வேறுபாடேயாகும்.

புவியீர்ப்பின் கதையும் இத்தகையதே. 1806 இல் தோமஸ் அன்ட்ரூ நைற் என்ற ஆங்கிலேயர், நீரினால் சுழலும் சில்லொன்றில் விதைகளைப் பொருத்தி முளைக்கவிட்டார். வேர்கள் வெளிப்புறமாகவும் தண்டுகள் மையத்தை நோக்கியும் வளர்ந்தன. தாவரம் உணர்வது விசையையே என்பது அதனால் புலனாயிற்று. வேர்மூடியின் கலங்களிலுள்ள மாப்பொருள் மணிகள் பாரத்தினால் கீழே படிகின்றன. அதற்கேற்ப ஒட்சின் வேரின் கீழ்ப்பக்கத்தில் சேர்கின்றது. தண்டில் வளர்ச்சியைத் தூண்டும் ஒட்சின் செறிவு வேரில் அதனைத் தடுத்துவிடும். ஆதலால் கிடையாகக் கிடக்கும் தண்டு மேலெழ, வேர் கீழ்நோக்கி வளைகின்றது.

அளவே இங்கு எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றது. 2,4-டி என்னும் களைநாசினி செயற்கை ஒட்சினேயன்றி வேறல்ல. அது அகன்ற இலைக் களைகளைக் கட்டுப்பாடின்றி வளரச்செய்து மாய்க்கின்றது. நெல் போன்ற புல்லினங்கள் அதனைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்கின்றன. ஆனால் காற்றில் பரவினால் அயல் தோட்டத்து மிளகாயும் தக்காளியும் சுருண்டுவிடும். வியட்நாம் போரில் அமெரிக்க விமானங்கள் தெளித்த ‘ஏஜென்ட் ஒரேஞ்ச்’ இதனையும் இதையொத்த மற்றொரு செயற்கை ஒட்சினையும் கொண்டதாகும். அதில் கலந்திருந்த டயொக்சின் நஞ்சின் கொடுமை உலகறிந்தது.

இவ்வறிவு நம் நாட்டுக்கு அந்நியமானதன்று. நுனியரும்பில் உருவாகும் ஒட்சின், இலைக்கக்கங்களிலுள்ள அரும்புகளை உறக்கத்தில் வைத்திருக்கும் காரணிகளில் முக்கியமானது. நுனியைக் கிள்ளினால் அவை விழித்துக்கொள்ளும். தன்பாட்டில் விட்டால் பல மீற்றர் உயர்ந்து மரமாகிவிடும் தேயிலை, இடுப்பளவுப் பற்றையாகப் பரந்து மீண்டும் மீண்டும் கொழுந்து தருவது இதனாலேயே. 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் ரெய்லர் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது ஒட்சின் என்ற பெயரே பிறந்திருக்கவில்லை. ஆயினும் எந்தக் கொழுந்தைக் கிள்ளுவது, எதனை விடுவது, எப்போது கவ்வாத்து வெட்டுவது என்பதை மலையகத்தின் கைகள் தலைமுறை தலைமுறையாக அறிந்து வந்துள்ளன.

கொழுந்து பறிப்பதைத் திறன் வேண்டாத வேலையென எண்ணுவோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். ஒட்சினின் வரைவிலக்கணத்தைப் பரீட்சைக்காக மனனஞ்செய்யும் நம் பிள்ளைகளுக்கு, அவ்விதி நாள்தோறும் கையாளப்படும் மலைச்சரிவை ஒருமுறையேனும் காட்டுதல் வேண்டும். பாடநூல் சொல்வதை அக்கைகள் முன்னரே செய்துகொண்டிருந்தன என்பதை அறியும் பிள்ளை, அறிவியலை மட்டுமன்றி உழைப்பையும் மதிக்கக் கற்றுக்கொள்ளும்.