அச்சில் இல்லாத சிவப்பு

குஜராத்தின் கட்ச் பகுதிக்குப் போகிறவர்கள் வெள்ளை உப்புப் பாலைவனமான ரண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்புவதுதான் வழக்கம். இன்னும் ஒரு நாள் கையில் இருந்தால், புஜ் நகரை அடுத்த அஜ்ரக்பூருக்கும் போய்வர வேண்டும். கருநீலமும் செந்நிறமும் கலந்த அஜ்ரக் துணியை இயற்கைச் சாயத்தில் அச்சிடும் கத்ரி குடும்பங்களின் ஊர் அது. பல பட்டறைகளில் வெளியூர்க்காரர்களுக்கும் கற்றுத்தருகிறார்கள். பதப்படுத்திய துணி ஒன்றையும் சில மர அச்சுகளையும் கொடுத்து, நீண்ட மேசையின் முன்னால் நிற்கவைத்துவிடுவார்கள்.

அங்கே முதலில் திகைக்க வைப்பது அச்சைத் தோய்க்கும் தட்டு. சிவப்புக்கான தட்டில் சிவப்பே இல்லை. படிகாரமும் புளியங்கொட்டை மாவும் சேர்த்துக் காய்ச்சிய கூழ்தான் இருக்கிறது. அச்சிட்ட இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்று, கழுவினால் போய்விடக்கூடிய லேசான நிறம் ஒன்றை அதில் கலந்திருப்பார்கள், அவ்வளவுதான். துணிமேல் நாம் பதிப்பது சாயத்தை அல்ல. பிற்பாடு சாயம் எங்கே பிடிக்க வேண்டும் என்ற கட்டளையை. அந்தக் கட்டளையை எழுதுவது ஓர் உலோக உப்பு. இதைப் புரிந்துகொண்டால் அஜ்ரக் பட்டறை ஒரு வேதியியல் கூடமாகத் தெரிய ஆரம்பிக்கும்.

பருத்திக்கு நிறம் பிடிக்காது

கம்பளியும் பட்டும் புரதத்தால் ஆனவை. சாய மூலக்கூறுகள் பற்றிக்கொள்வதற்கு அவற்றில் இடம் உண்டு. பருத்தி முழுக்க முழுக்க செல்லுலோஸ். வேரிலோ பூவிலோ இருந்து எடுத்த சாயத்தில் பருத்தித் துணியை அப்படியே முக்கினால், ஒட்டியதில் பெரும்பகுதி இரண்டு மூன்று சலவையிலேயே போய்விடும். சாயத்துக்கும் நூலுக்கும் நடுவில் நின்று இரண்டையும் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அலுமினியம், இரும்பு போன்ற உலோகங்களின் உப்புகள் அந்த வேலையைச் செய்கின்றன. இவற்றுக்கு நிறமூன்றிகள் என்று பெயர்.

ஒரே சாயம், உலோகத்துக்குத் தக்கபடி வேறு வேறு நிறம் தரும். பச்சை வெற்றிலை, பழுப்புப் பாக்கு, வெள்ளைச் சுண்ணாம்பு மூன்றிலும் இல்லாத சிவப்பு வாயில் பிறப்பதைப் போல, உலோக உப்பிலும் இல்லாத, சாயத்திலும் இல்லாத நிறம் இரண்டும் சேரும்போது பிறக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் பிளினி இதைப் பற்றி வியந்து எழுதியிருக்கிறார். எகிப்தியர்கள் துணிமேல் நிறமற்ற ஏதோ ஒன்றைத் தடவி ஒரே நிறக் கொப்பரையில் அமிழ்த்துகிறார்கள், துணியோ பல நிறங்களோடு வெளியே வருகிறது என்பது அவர் தரும் செய்தி.

இந்தியத் துணைக்கண்டத்தில் இந்த அறிவு இன்னும் பழையது. மொகஞ்சதாரோ அகழாய்வில் ஒரு வெள்ளிப் பாத்திரத்தோடு ஒட்டிக் கிடைத்த பருத்தித் துணுக்கு, நிறமூன்றி இல்லாமல் பருத்தியில் நிற்காத மஞ்சிட்டி வேர் வகைச் சாயம் ஏற்றப்பட்டது என்று கண்டறிந்தார்கள். பழைய கெய்ரோவின் ஒரு பகுதியான ஃபுஸ்தாத்தில் கிடைத்த குஜராத் அச்சுத்துணிகள் ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றில் சில ஆயிரம் ஆண்டுப் பழமை கொண்டவை என்று கதிரியக்கக் கார்பன் ஆய்வு சொல்கிறது.

அச்சுக்கு முன்னால்

பட்டறையில் நம் கைக்கு வரும் துணி லேசான மஞ்சள் பூத்திருக்கும். அதற்குள் அது பல நாள் வேலையைக் கடந்து வந்திருக்கிறது. முதலில் கஞ்சியும் மெழுகும் போகத் துவைக்கிறார்கள். விளக்கெண்ணெய், சோடா உப்பு, ஒட்டகச் சாணம் மூன்றையும் நீரில் கரைத்து, அதில் துணியை ஊறவைத்துப் பிழிந்து, வெயிலில் காயப்போட்டு, மறுபடியும் ஊறவைக்கிறார்கள். துணியின் முனையைக் கசக்கும்போது நுரை வந்தால் பதம் சரி. எண்ணெயும் காரமும் சேர்ந்து சோப்பாகிக்கொண்டிருப்பதற்கு அந்த நுரையே அத்தாட்சி.

அடுத்தது கடுக்காய். நம்மூர் நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் அதே கடுக்காய்தான். அதைப் பொடித்துக் கரைத்த நீரில் துணியைத் தோய்த்து உலர்த்துகிறார்கள். கடுக்காயின் டானின் செல்லுலோஸ் நூலிலும் தங்கும், உலோகத்தையும் விடாமல் பற்றும். துணியின் அந்த மஞ்சள் பூப்பு கடுக்காய் தந்தது.

மேசையில்

அச்சுகள் பெரும்பாலும் தேக்கில் செதுக்கப்படுகின்றன. காந்திநகர் அருகே உள்ள பேதாபூர் இதற்குப் பேர்போன ஊர். ஒரே கோலத்துக்கு ஓர் அச்சு போதாது. வெளிக்கோட்டுக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று என ஒன்றோடொன்று இம்மி பிசகாமல் பொருந்தும் அச்சுகள் வேண்டும். அகலமான அச்சுகளில் முதுகுவரை துளைகள் போட்டிருப்பார்கள். அடியில் சிக்கும் காற்று அந்த வழியே வெளியேறாவிட்டால் கூழ் திட்டுத்திட்டாகப் படியும்.

அச்சைத் தட்டில் மெல்லத் தொட்டு எடுத்து, முந்தைய பதிவின் மூலைப் புள்ளியோடு புதிய மூலையைச் சேர்த்து வைத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஓங்கி ஒரு தட்டு. கைதேர்ந்தவர் இதைப் பேசிக்கொண்டே, அளவுகோலும் இல்லாமல், மீட்டர் கணக்கில் செய்துகொண்டு போவார். கண் பார்ப்பது ஒரே ஒரு மூலையைத்தான். மற்ற மூன்று மூலைகளும் தாமாகவே நேராகின்றன. சதுரத்துக்குள் வட்டமும் வட்டத்துக்குள் நட்சத்திரமுமாக விரியும் அஜ்ரக் கோலத்தின் ஒழுங்கு முழுவதும் அந்த ஒரு மூலையைப் பொறுத்தது.

முதலில் பதிப்பது சுண்ணாம்பும் பிசினும் கலந்த குழம்பு. கடைசியில் வெள்ளையாக நிற்க வேண்டிய கோடுகளுக்கு இது காப்பு. எந்த நிறமும் அங்கே ஏறாது.

பிறகு கறுப்பு. பழைய இரும்புத் துண்டுகள், வெல்லம், கடலை மாவு மூன்றையும் தண்ணீரில் போட்டு நாள்கணக்கில் புளிக்க விடுகிறார்கள். வெல்லத்தைத் தின்னும் நுண்ணுயிர்கள் கரிம அமிலங்களை வெளிவிடும். அமிலம் இரும்பைக் கரைக்கும். மேலே நுரை கட்டி, புளித்த வாடை எழுந்தால் கரைசல் தயார் என்று அர்த்தம். தெளிந்த நீரை வடித்துப் புளியங்கொட்டை மாவோடு காய்ச்சினால் அச்சுக்கூழ் ஆகிறது. அதை அச்சில் எடுத்துத் துணியில் வைத்ததும் நடப்பதைக் குனிந்து பார்க்க வேண்டும். வெளிறிய பழுப்பாக விழும் கோடு, கடுக்காயின் டானினைத் தொட்டதும் கண்ணெதிரே கறுத்துக்கொண்டு போகிறது. ஐரோப்பா பல நூற்றாண்டுகள் எழுதிய இரும்பு மையும் இதே வினையில் பிறந்ததுதான். கும்பகோணத்தை அடுத்த சிக்கல்நாயக்கன்பேட்டையில் கலம்காரி வரைபவர்களின் கறுப்பும் இரும்பும் வெல்லமும் ஊறித் தருவதே.

மூன்றாவதாகப் படிகாரக் கூழ். அதன்மேல் களிமண்ணும் பிசினும் கலந்த இன்னொரு காப்பைப் பதித்து, ஈரம் காயும் முன் மரத்தூளைத் தூவுகிறார்கள். அடுத்து வரும் நீலத்திலிருந்து சிவப்பின் இடத்தைக் காப்பாற்ற இந்த ஏற்பாடு.

மூச்சு விட்டால் நீலம்

அவுரி இலையிலிருந்து எடுக்கும் இண்டிகோ தண்ணீரில் கரையாது. கரையாத பொருள் நூலுக்குள் நுழையாது. ஆகவே அதைக் கரையும் வடிவத்துக்கு மாற்றியாக வேண்டும். சுண்ணாம்பு, வெல்லம், தகரை விதை முதலியவற்றோடு தொட்டியில் ஊறும்போது நுண்ணுயிர்களின் வேலையால் கரைசலில் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. இண்டிகோ ஒடுக்கமடைந்து, பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் கரைகிறது. இன்று பல இடங்களில் இந்த ஒடுக்கத்தை ரசாயனப் பொடியால் விரைவாக முடித்துவிடுகிறார்கள். நடக்கும் வினை ஒன்றுதான்.

துணியைத் தொட்டிக்குள் சத்தமில்லாமல், குமிழி எழாமல் இறக்க வேண்டும். ஒவ்வொரு குமிழியும் ஆக்சிஜன். தொட்டிக்குள்ளேயே சாயத்தை வீணாக்கிவிடும். வெளியே எடுக்கும் கணத்தில் துணி பச்சையாக இருக்கிறது. பிரித்து விரித்துப் பிடித்தால் காற்றுப் பட்ட ஓரங்களில் பச்சை மறைந்து நீலம் படரத் தொடங்கி, சற்று நேரத்தில் துணி முழுக்க நீலமாகிறது. நூலுக்குள் புகுந்த பிறகு மூலக்கூறு மீண்டும் கரையாத வடிவத்துக்கு மாறி அங்கேயே சிறைப்பட்டுவிடுகிறது. நீலத்துக்கு உலோகத்தின் துணை வேண்டாம், காற்று போதும். இந்த மூலக்கூறின் அமைப்பைக் கண்டறிந்து செயற்கையாக உருவாக்கிய ஜெர்மானிய வேதியியலர் அடால்ஃப் ஃபான் பேயர் 1905-ல் நோபல் பரிசு பெற்றார்.

சிவப்பு பிறக்கும் கொப்பரை

நன்கு அலசி, காப்புகளும் மிச்சக் கூழும் போன பிறகு துணி செம்புக் கொப்பரைக்கு வருகிறது. அதற்குள் அலிசரின். மஞ்சிட்டி இனத்து வேர்களில் உள்ள சாயப்பொருள் இது. நெருப்பை மெல்ல மெல்லக் கூட்டி, துணியைப் புரட்டிக்கொண்டே இருக்கிறார்கள். படிகாரம் பதிந்திருந்த இடங்களில், அதுவரை ஒன்றுமே இல்லாததுபோல் இருந்த துணியில், சிவப்பு எழுந்து வருகிறது. அலிசரினின் அடுத்தடுத்த ஆக்சிஜன் அணுக்கள் அலுமினிய அயனியை இடுக்கிபோலக் கவ்வ, அது நூலோடு பிணைந்து நிற்கிறது. உலோகம் இல்லாத இடத்தில் சாயம் வெறுமனே ஒட்டியிருக்கும். அலசலிலும் வெயிலிலும் போய்விடும்.

1868-ல் பெர்லினில் கிரேபே, லீபர்மான் இருவரும் அலிசரினைச் செயற்கையாக உருவாக்கினார்கள். தாவரச் சாயங்களில் ஆய்வுக்கூடத்தில் பிறந்த முதல் சாயம் அதுதான். சில ஆண்டுகளில் பிரான்சின் சாயவேர் விவசாயம் சரிந்தது. கட்ச் பட்டறைகள் பலவற்றிலும் இப்போது செயற்கை அலிசரின் புழங்குகிறது. மூலக்கூறில் வேறுபாடு கிடையாது. ஆனால் வேரில் அலிசரினோடு வேறு சாயப்பொருள்களும் கலந்திருப்பதால், வேரின் சிவப்பு இன்னும் ஆழமாக, இடத்துக்கு இடம் சற்றே மாறித் தெரியும்.

தண்ணீர் மாறினால் நிறம் மாறும்

இத்தனைக்கும் அடிப்படை தண்ணீர். அஜ்ரக்பூர் என்ற ஊர் பிறந்ததே தண்ணீரால்தான். கத்ரிகள் சிந்துப் பகுதியிலிருந்து வந்து, கட்ச் மன்னரின் ஆதரவில் சரண் ஆற்றங்கரையில் இருந்த தமட்கா கிராமத்தில் குடியேறியவர்கள். நாளடைவில் ஆறு வற்றியது, கிணறுகளை நம்பினார்கள். 2001 ஜனவரி 26 நிலநடுக்கம் வீடுகளை மட்டும் இடிக்கவில்லை. நிலத்தடி நீரையும் கலைத்துப் போட்டது. நீரில் இரும்பு மிகுந்தது. அலிசரின் அலுமினியத்தோடு சேர்ந்தால் சிவப்பு. இரும்போடு சேர்ந்தால் கருஞ்செம்மையும் ஊதாவும். அந்த நீரில் சிவப்பு மங்கியது. பல குடும்பங்கள் நல்ல நீர் தேடிப் பெயர்ந்து புதிய ஊரையே கட்டின. அதற்கு முன்னின்றவர்களில் ஒருவர் இஸ்மாயில் கத்ரி. அவருக்கு இங்கிலாந்தின் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 2003-ல் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. 1970-களில் செயற்கைச் சாயங்கள் சந்தையை நிறைத்திருந்தபோது இயற்கைச் சாயமுறைக்குத் திரும்பி, அதை மகன்களுக்குக் கற்றுத்தந்தவர் அவருடைய தந்தை முகமது சித்திக் கத்ரி. அந்த ஒரு தலைமுறை தவறவிட்டிருந்தால் இன்று நாம் போய்க் கற்க எதுவும் மிஞ்சியிருக்காது.

நம் கரையின் வேர்

இந்தச் சிவப்பு தமிழ்க் கடற்கரைக்கும் சொந்தமானது. இராமேசுவரம், மன்னார், யாழ்ப்பாணக் கரை மணலில் வளர்ந்த இம்பூறல் என்ற சாயவேரிலும் இருப்பது அலிசரின்தான். டச்சுக்காரர்கள் இலங்கையில் அந்த வேரைத் தோண்டும் தொழிலைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருந்தார்கள். 1730-களில் போலியூ என்ற பிரெஞ்சு அதிகாரி, புதுச்சேரியில் துணிக்குச் சாயமேற்றுவதைக் கட்டம் கட்டமாகக் கவனித்து, கட்டத்துக்கு ஒரு துணித்துண்டை வெட்டிக் குறிப்புகளோடு பாரிசுக்குக் கொண்டுபோனார். 1742-ல் கேர்தூ என்ற ஏசு சபைப் பாதிரியார் அதே தொழிலை விவரித்துக் கடிதம் எழுதினார். ஐரோப்பா பருத்தியில் கெட்டிச் சாயம் ஏற்றப் பாடம் படித்த இடங்களில் நம் சாயக்காரர்களின் கொல்லைப்புறமும் ஒன்று.

ஆகவே கட்ச் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு கைக்குட்டையில் அச்சு வைத்துப் படம் எடுத்துக்கொள்வதோடு நிறுத்திவிடாதீர்கள். நீலத் தொட்டியையும் கொப்பரையையும் அலசும் தொட்டியையும் பார்க்கும்வரை இருங்கள். ஒரு துணி முழுமையடைய இரண்டு மூன்று வாரங்கள் ஆகின்றன. அச்சிடும் நேரம் அதில் சிறு பங்குதான். விலை கேட்கும்போது மிச்சப் பங்கும் நினைவில் இருக்க வேண்டும். திரையச்சில் ஒரே மணி நேரத்தில் வந்து விழும் போலி அஜ்ரக்கோடு இந்தத் துணி விலையில் போட்டியிட முடியாது, போட்டியிடவும் கூடாது.

போக முடியாதவர்களுக்கும் வழி உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள், அலிசரினும் அலுமினியமும் பிணைவது போன்ற அணைவுச் சேர்மங்களைச் சூத்திரமாக மனப்பாடம் செய்கிறார்கள். கடுக்காய்த் தூளில் தோய்த்து உலர்த்திய பருத்தித் துணியில், துருப்பிடித்த ஆணி ஊறிய காடியை ஒரு சொட்டு விட்டால் கறுப்பு உடனே வரும். படிகாரம் தடவிய துண்டையும் தடவாத துண்டையும் ஒரே மஞ்சிட்டி நீரில் காய்ச்சி, இரண்டையும் சோப்புப் போட்டுத் துவைத்துப் பார்க்கட்டும். கடுக்காய், படிகாரம், மஞ்சிட்டி எல்லாம் நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கின்றன. உலோகம் மூலக்கூறைப் பற்றுவது என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிடும் பாடம் இல்லை. சாயக்காரர்கள் பல தலைமுறைகளாக நடத்திவந்த பாடம் இது. அதை வகுப்பறைக்குள் கொண்டுவர வேண்டிய பொறுப்பு படித்த நமக்கு இருக்கிறது.