கப்பலே, உன் எண் என்ன?

இரவில் திருவொற்றியூர்க் கடற்கரையில் நின்று கிழக்கே பாருங்கள். தொலைவில் விளக்குகள் மினுக்கும். சென்னை, எண்ணூர்த் துறைமுகங்களுக்குள் நுழையக் காத்திருக்கும் கப்பல்கள் அவை. வாய்மூடி நிற்பனபோல் தோன்றினாலும், உண்மையில் அவை ஓயாமல் பேசிக்கொண்டிருக்கின்றன!

பேசுவது ஏ.ஐ.எஸ். என்னும் வானொலிக் கருவி. 'நான் இன்னார், இங்கே இருக்கிறேன், இந்தத் திசையில் இவ்வளவு வேகத்தில் போகிறேன்' என்று அது தானே அறிவிக்கும். நங்கூரமிட்ட கப்பல் 3 நிமிடத்துக்கு ஒருமுறை. ஓடும் கப்பல் 2 முதல் 10 வினாடிக்கு ஒருமுறை. வெளிநாட்டுப் பயணம் செல்லும் பெரிய கப்பல்களுக்கு 2004 முடிவுக்குள் இது கட்டாயமாயிற்று.

'இன்னார்' என்பது எப்படித் தெரிகிறது? கருவியைப் பொருத்தும்போதே 9 இலக்க எண் ஒன்றைப் பதித்துவிடுகிறார்கள். முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும். இந்தியாவுக்கு 419, இலங்கைக்கு 417. இரு கப்பல்களுக்கு ஒரே பெயர் இருக்கலாம். ஒரே எண் கூடாது. இருந்தால் கேட்கும் கருவிக்கு இரண்டும் ஒரே கப்பல்தான்! திரையில் அது இப்போது எண்ணூரிலும் மறுகணம் ராயபுரத்துக்கு எதிரிலுமாகக் குதிக்கும். இருட்டில் விலகிப் போகச் சொல்லி எந்தக் கப்பலை அழைப்பது? 2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூருக்கு வெளியே இரு கப்பல்கள் மோதி, எண்ணெய் கசிந்து, கரை கறுத்ததே! அங்கே சிக்கல் எண்ணில் இல்லை. ஆனால் மோதலின் விளைவு அதுதான். ஆகவே இந்த எண்ணைக் கண்டவர் மாற்றாதபடி கடவுச்சொல் இட்டுப் பூட்டிவைப்பது வழக்கம்.

சேருமிடத்தையோ ஒவ்வொரு பயணத்துக்கும் அதிகாரி கையால் பதிய வேண்டும். சென்னையின் குறியீடு ஐ.என்.எம்.ஏ.ஏ. பழைய 'மெட்ராஸ்' அதில் இன்னும் ஒளிந்திருக்கிறது! மாற்ற மறந்தால், சென்னையை விட்டுப் புறப்பட்ட கப்பல் சென்னைக்கே வருவதாகச் சொல்லிக்கொண்டு போகும்.

இத்தனை பேர் பேசினால் குரல்கள் மோதாதா? இதற்கென உள்ள அலைவரிசைகள் இரண்டு: 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ். ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடத்தை 2,250 துண்டுகளாக்கியிருக்கிறார்கள். கப்பல் முதலில் மற்றவர்களைக் கேட்கிறது. காலியான துண்டைப் பிடிக்கிறது. அடுத்து எந்தத் துண்டில் பேசும் என்பதையும் சொல்லிவைக்கிறது. எல்லோருக்கும் ஒரே கடிகாரம், செயற்கைக்கோள் தரும் நேரம். கணினி அரட்டைக்கு நடுவே ஒரு சர்வர் தேவைப்படுகிறது. நடுக்கடலில் அப்படி ஒருவரும் வேண்டியதில்லை.

காசிமேட்டிலிருந்து கிளம்பும் சிறு ஃபைபர் படகுகள் பலவற்றில் இக்கருவி கிடையாது. திரையில் எதுவும் தெரியாதபோதும் கப்பல் மாலுமி ராடாரைப் பார்க்கிறார். பிறகு சன்னலுக்கு வந்து, இருட்டில் ஒரு சிறு விளக்கைத் தேடுகிறார்.