கணினி கழித்துவிடும் கடலழிஞ்சில்

கிரிவலப் பாதையில் வருண லிங்கத்தைத் தாண்டினால் அடி அண்ணாமலை. இந்த மேட்டு நிலங்களில் யாரும் விதைக்காமலே ஆவாரை மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். பூவை உலர்த்தி வைத்து, சர்க்கரைக்கு நல்லது என்று கொதிக்கவைத்துக் குடிப்பவர்கள் இந்தப் பக்கம் ஏராளம். சித்த மருத்துவம் ஆவாரையைத் தனியாக விட்டுவிடவில்லை. ஆவாரைக் குடிநீரில் அதனோடு கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோஷ்டம், கோரைக்கிழங்கு, மருதம்பட்டை ஆகியவையும் சேரும். ஏழு சரக்கு, ஒவ்வொன்றிலும் ஏகப்பட்ட வேதிப்பொருள்கள். இவற்றில் எது சர்க்கரையைக் குறைக்கிறது?

ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துச் சோதிக்க ஆயுள் போதாது. அதனால் முதலில் சலித்தெடுக்கும் வேலையைக் கணினியிடம் விடுகிறார்கள். ஒரு மருந்து ஒரு புரதத்தை மட்டும் தொடுகிறது என்று பார்க்காமல், பல பொருள்கள் பல புரதங்களைத் தொடும் வலையாகப் பார்க்கும் முறைக்கு 2007-இல் ஆண்ட்ரூ ஹாப்கின்ஸ் 'வலைப்பின்னல் மருந்தியல்' என்று பெயர் வைத்தார். பல சரக்கு சேர்ந்த கஷாயத்துக்கு இது பொருந்திப்போனதால், சீன ஆய்வாளர்கள் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். நம் மூலிகைகளுக்கான தரவுத்தளம் உருவானது சென்னை தரமணியில், கணித அறிவியல் நிறுவனத்தில். அரிஜித் சமல் குழுவினரின் 'இம்பாட்' 2018-இல் 1,742 தாவரங்களோடு வெளிவந்தது. 2022-இல் வந்த இரண்டாம் பதிப்பில் 4,010 தாவரங்களும் 17,967 வேதிப்பொருள்களும் இருக்கின்றன. மூலிகைக்கு எதற்குக் கணித நிறுவனம் என்று தோன்றலாம். பழைய நூல்களையும் கட்டுரைகளையும் துழாவி, ஒரே பொருள் பல பெயரில் வருவதைக் கண்டுபிடித்து ஒன்றாக்கி, ஒவ்வொன்றின் முப்பரிமாண வடிவத்தையும் தரும் வேலை அது. பொறுமை வேண்டிய வேலை. கட்டுரைகளில் அதற்குரிய பாராட்டு கிடைப்பதில்லை.

வடிவம் கிடைத்ததும் அடுத்தது பொருத்திப் பார்ப்பது. சோற்று மாவுச்சத்தைக் கடைசியாகக் குளுக்கோஸாக வெட்டுவது சிறுகுடல் சுவரிலுள்ள ஆல்ஃபா குளுகோசிடேஸ் நொதிகள். அப்படி ஒரு நொதியின் வெட்டும் குழிக்குள் மூலிகைப் பொருளைக் கணினி பல கோணங்களில் திருப்பித் திருப்பி வைத்து, எவ்வளவு இறுகப் பிடிக்கும் என்று மதிப்பெண் போடும். மூலக்கூறு பெரிதாக இருந்தாலே மதிப்பெண் கூடிவிடுவது இந்த முறையின் பழைய கோளாறு. மதிப்பெண்ணை மட்டும் காட்டி 'சர்க்கரைக்கு மருந்து' என்று முடிக்கும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை.

கடலழிஞ்சிலின் கதை வேறு வரிசையில் நடந்தது. இலங்கையில் இதைக் கொத்தல ஹிம்புட்டு என்பார்கள். அதன் மரத்தைக் குடைந்து குவளை செய்து, இரவு ஊற்றிவைத்த தண்ணீரைக் காலையில் குடிப்பது அங்கே பழைய வழக்கம். 1997-இல் ஜப்பானில் மசாயுகி யோஷிகாவா குழு இதிலிருந்து சலசினால் என்ற பொருளைப் பிரித்தது; பிறகு அதன் பெரிய உறவான கோடலனாலையும் பிரித்தது. இரண்டும் ஆல்ஃபா குளுகோசிடேஸைத் தடுப்பதை ஆய்வகத்தில் பார்த்துவிட்டார்கள். காரணம் அழகானது. நொதி சர்க்கரையை வெட்டும் கணத்தில் அந்தச் சர்க்கரை வளையத்தில் நேர்மின்னூட்டம் தோன்றி மறைகிறது. நொதியின் குழி அதைத் தாங்கும்படி எதிர்மின்னூட்டத்தோடு அமைந்திருக்கிறது. சலசினாலில் உள்ள கந்தக அணு அந்த நேர்மின்னூட்டத்தை நிரந்தரமாகவே சுமக்கிறது. நொதி ஏமாந்து பிடித்துக்கொள்கிறது, வெட்ட முடியவில்லை. கனடாவில் டேவிட் ரோஸ் குழுவினர் இத்தகைய பொருள்கள் மனித நொதிக்குள் உட்கார்ந்திருக்கும் படிக வடிவங்களையே எடுத்துக் காட்டினார்கள்.

இந்தக் கோடலனாலைக் கணினியின் வழக்கமான வடிகட்டியில் போட்டால் வெளியே விழுந்துவிடும். 1997-இல் கிறிஸ்டோஃபர் லிபின்ஸ்கி வகுத்த விதிப்படி, வாய்வழி மருந்துக்கு மூலக்கூறு எடை 500-க்குள்ளும், பிணைப்புக்கு ஹைட்ரஜனைக் கொடுக்கும் இடங்கள் ஐந்துக்குள்ளும் இருப்பது நல்லது. கோடலனாலில் அந்த இடங்கள் எட்டு. இதே நொதிகளைத் தடுக்க ஆண்டுக்கணக்காக மருந்துக் கடையில் விற்கும் அகார்போஸ் மாத்திரையும் எடை 645 என்று தோற்றுப்போகிறது. விதியில் பிழை இல்லை. குடலைத் தாண்டி ரத்தத்தில் கலக்குமா என்று பார்க்கும் விதி அது. இந்த மருந்துகளுக்கோ வேலை குடலிலேயே. அகார்போஸ் ரத்தத்தில் சேர்வது 2 சதவீதத்துக்கும் குறைவு. விதியை எங்கே போடக்கூடாது என்பதை ஆள்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எதிர்த் திசையிலும் தவறு நடக்கிறது. நம் மரமஞ்சளிலும் சீனர்களின் ஹுவாங்லியன் கிழங்கிலும் உள்ள பெர்பெரின், புகழ்பெற்ற சீனத் தரவுத்தளத்தின் 30 சதவீத உறிஞ்சல் வரம்பைக் கணிப்பில் தாண்டிவிடுகிறது. எலிகளில் அளந்தால் 1 சதவீதம்கூட இல்லை. ஆனாலும் சீனாவில் நடந்து 2008-இல் வெளியான மருத்துவச் சோதனையில் பெர்பெரின் சர்க்கரையைக் குறைத்தது! குடல் நுண்ணுயிர்கள் வழியாகவா என்று இப்போது தேடுகிறார்கள்.

குடலில் வேலை செய்யும் மருந்துக்கு ஓர் அடையாளம் உண்டு: வயிறு உப்புசம். வெட்டப்படாத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பாக்டீரியாக்களால் புளிக்கிறது. அகார்போஸ் சாப்பிடுபவர்களின் பொதுவான புகார் இதுதான். இதைவிட முக்கியமான ஒன்று: இன்சுலினோ கிளிபென்கிளமைடு மாத்திரையோ எடுப்பவர் கூடவே அகார்போஸும் சாப்பிட்டு, சர்க்கரை இறங்கித் தலைசுற்றல் வந்தால், சீனித் தண்ணீர் உடனே கைகொடுக்காது. சீனியை வெட்டும் நொதியும் தடுக்கப்பட்டிருக்கும். குளுக்கோஸ் பொடிதான் கொடுக்க வேண்டும். கடலழிஞ்சில் தொடுவதும் அதே நொதிகளைத்தான். இன்சுலினோடோ சர்க்கரை மாத்திரையோடோ ஆவாரைக் குடிநீரும் குடிப்பவர்கள் அதை டாக்டரிடம் சொல்லிவிட்டு, வீட்டில் ஒரு குளுக்கோஸ் பாக்கெட்டும் வைத்துக்கொள்வது நல்லது.