சோறு மட்டும் தின்னும் பூனைக்குக் கண் மங்குவது ஏன்?

இலங்கையின் இறக்குவானை, தெரணியகலைப் பக்கத்துத் தோட்ட லயங்களில் எலிக்காகத்தான் பூனை வளர்ப்பார்கள். சாப்பாடு? மிஞ்சிய சோறு, தேங்காய் ரொட்டித் துண்டு. நாய் இதில் ஓரளவு தேறிவிடும், பூனை தேறாது.

காரணம் டாரின் என்ற சத்து. நாயின் உடல் பொதுவாக அதைத் தானே செய்துகொள்ளும். பூனையால் போதிய அளவு செய்ய முடியாது. பித்தநீருக்கும் அதையே செலவழிப்பதால் அன்றாடம் இழக்கவும் செய்கிறது. டாரின் குறைந்தால் விழித்திரை கெடும் என்று 1975இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். 1987இல் கலிபோர்னியாவில் பால் பியோன் என்ற கால்நடை மருத்துவரின் குழுவினர், இதயம் தளர்ந்த பூனைகளுக்கு டாரின் கொடுத்துத் தேற்றினார்கள். கடையில் விற்ற தீனியிலேயே அது போதாமல் இருந்த காலம் அது!

எலியில் டாரின் உண்டு. சோற்றிலும் தேங்காயிலும் இல்லை. ஆகவே எலி அகப்படாத நாளிலும் இறைச்சியோ மீனோ வேண்டும். கோழிக் கடையில் மலிவாகக் கிடைக்கும் இதயம் மிக நல்லது. ஈரல் கொஞ்சம் போதும். மீனை வேகவைத்துக் கொடுங்கள். சிலவகைப் பச்சை மீனில் உள்ள நொதி வைட்டமின் பி1ஐ அழித்துவிடும். ஒன்று கவனியுங்கள்: வேகும்போது டாரின் தண்ணீரில் இறங்கிவிடும். அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் ஆறவைத்து, மீனோடு பிசைந்து வையுங்கள். உப்பு வேண்டாம்.

வெங்காயம் சேர்ந்த குழம்பும் சம்பலும் கூடவே கூடாது. வெங்காயம் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். பால் பல பெரிய பூனைகளுக்கு வயிற்றுப்போக்குத்தான் தரும். ஒரு சிரட்டையில் தண்ணீர் வைத்தாலே போதும்.